பின்னால் வருபவருக்குத் தெரியாத பிரேக்

கடந்த மாரியில் ஒரு மாலை, சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஏ9 வீதியில் எங்கள் பழைய மொறிஸ் மைனரை ஓட்டி வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் வழக்கம்போல வலப்பக்கம் இழுத்தபடி நின்றது. அடுத்த நொடி பின்னால் ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் பின் பம்பரில் மோதி விழுந்திருந்தார். கை எலும்பில் வெடிப்பு. வைத்தியசாலையில் அவர் கோபப்படவில்லை. "அக்கா, உங்கட பிரேக் லைற் எரியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கராஜில் காரை உயர்த்திப் பார்த்தபோது இரண்டு விடயங்கள் தெரிந்தன. பின் அச்சில் இடது சில்லுக்குப் போகும் பிரேக் குழாய் சுத்தியலால் தட்டி மடிக்கப்பட்டிருந்தது. பிரேக் லைற்றுக்குப் போகும் வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றப்பட்டிருந்தது. இரண்டும் அப்பாவின் வேலை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில்லுக்குள் இருக்கும் சிலிண்டருக்கு ரப்பர் கிடைக்கவில்லை. ஒழுகுகிற சில்லின் குழாயை அடைத்துவிட்டால் மற்ற மூன்றும் பிடிக்கும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காருக்கு அது போதுமாக இருந்தது. இரவில் வானத்தில் இரைச்சல் கேட்கும் காலத்தில் சிவப்பு வெளிச்சமும் ஆபத்து. அதனால் வயரும் வெட்டப்பட்டது.

"உங்கட அப்பா அப்ப செய்தது சரி, பிள்ளை. ஆனா அப்ப பின்னால வந்தது சைக்கிள்" என்றார் கராஜ் ஐயா.

2009க்குப் பிறகும் அவற்றைத் திருத்தாமல் விட்டது எங்கள் பிழை. ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டோம். எங்களைப்போல் பலர் இருப்பார்கள். 2020 மார்ச் முதல் 2025 ஆரம்பம் வரை கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், ஓய்வெடுத்திருக்க வேண்டிய பல வாகனங்கள் இன்னும் வீதியில் ஓடுகின்றன. ஆகவே, ஐயாவுடன் இருந்து நான் பார்த்த வேலையை இங்கே விளக்குகிறேன்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

பெடலை மிதிக்கும்போது மாஸ்ரர் சிலிண்டர் என்ற பகுதி, குழாய்களில் நிறைந்துள்ள திரவத்தைத் தள்ளுகிறது. திரவத்தை நசுக்க முடியாது என்பதால், அந்த அழுத்தம் அப்படியே ஒவ்வொரு சில்லுக்கும் போய்ச் சேர்கிறது. காற்றை நசுக்கலாம். குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், கார் நிற்காது.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே சுற்றுத்தான். எங்காவது ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். பிற்காலக் கார்களில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று போனாலும் மற்றது ஓரளவு பிடிக்கும். மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் திரவத்தின் அளவு தெரியும். அதனாலேயே பலர் அதைப் பார்ப்பதில்லை.

புதிய குழாய் போடுதல்

எங்கள் காரின் உருக்குக் குழாய்கள் வெளியே துருப்பிடித்திருந்தன. ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் ஐயா. செப்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிக்காது, வளைக்கவும் இலகு. வெறும் செப்புக் குழாய் அதிர்வினால் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடும். குழாயின் வெளிவிட்டம் 3/16 அங்குலம், ஏறத்தாழ 4.75 மில்லிமீற்றர்.

பழைய குழாயை எறியாமல் அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். வாளால் அறுத்தால் தூள் உள்ளே போகும். குழாய் வெட்டும் கருவியால் வெட்டி, விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். வாயை விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் போட்டுவிட வேண்டும், பிறகு போட முடியாது. முதல் குழாயில் நான் இதை மறந்து, வாயை வெட்டி மறுபடியும் விரித்தேன். விரித்த வாயின் வடிவம் பழைய குழாயில் இருந்ததைப் போலவே இருக்க வேண்டும். வடிவம் மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று நட்டின் புரி. ஜப்பான் கார்களில் பொதுவாக 10 மில்லிமீற்றர் நட், 1 மில்லிமீற்றர் புரி. இங்கிலாந்துப் பழைய கார்களில் பெரும்பாலும் 3/8 அங்குல நட், அங்குலத்துக்கு 24 புரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 3/8 அங்குல நட் 10 மில்லிமீற்றர் துளைக்குள் தளர்வாகப் போகும். இறுகியது போலவும் இருக்கும். அவசரத்தில் பலமாக மிதிக்கும் நாளில் அது கழன்று வரலாம். அதனால் எல்லா நட்டுகளையும் முதலில் கைவிரலால் சில சுற்றுக்கள் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். குழாய் சைலன்சருக்கும் அசையும் பாகங்களுக்கும் எட்டவே செல்ல வேண்டும். ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒரு பிடி போட்டால் அதிராது.

ஊற்றுவது ஒயில் அல்ல

"பிரேக் ஒயில்" என்று சொன்னாலும் டொட் 3, டொட் 4 என்று விற்கப்படுபவை எண்ணெய் அல்ல. அவை கிளைகோல் சார்ந்த திரவங்கள். அன்று கிடைக்காத குறைக்கு எஞ்சின் ஒயில் ஊற்றிய கார்களில் ரப்பர் ஊதி, பிரேக் விடாமல் இறுகி நின்றதை ஐயா கண்டிருக்கிறார். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும், குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். திறந்து நாட்பட்ட போத்தலைப் பயன்படுத்தக் கூடாது. பெயின்ற்றில் பட்டால் அதையும் அரித்துவிடும்.

காற்றை வெளியேற்றும்போது தூரத்துச் சில்லில் தொடங்கினோம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நான் மிதிக்க, ஐயா நிப்பிளைத் திறந்து மூடினார். நிப்பிளில் மாட்டிய சிறு குழாயின் மறுமுனை திரவம் உள்ள போத்தலுக்குள் மூழ்கியிருந்தது. குமிழி வராத வரை தொடர்ந்தோம். மாஸ்ரர் சிலிண்டர் வற்றினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கடைசியில் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, அவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார்.

சிவப்பு வெளிச்சம்

இத்தகைய கார்களில் பிரேக் லைற் சுவிற்ச் குழாய் இணைப்பு ஒன்றில் திருகப்பட்டிருக்கும். திரவ அழுத்தம் ஏறும்போது அதற்குள் இருக்கும் தொடுமுனைகள் சேர்ந்து மின்சாரத்தை விடும். சாவியைப் போட்டுவிட்டு, சுவிற்சில் இருக்கும் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். லைற் எரிந்தால் பல்பும் வயரும் நல்லவை, சுவிற்ச்தான் பழுது.

நாங்கள் வெட்டிய வயரை இணைத்த பிறகும் லைற் பலமாக மிதித்தால்தான் எரிந்தது. அழுத்தத்தால் இயங்கும் சுவிற்ச் தேயும்போது இப்படித்தான் ஆகும். மெதுவாக வேகம் குறைக்கும்போது பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. புதிய சுவிற்ச் போட்டோம். பெடலோடு பொருத்தும் சுவிற்சும் உண்டு. அதைப் போடுபவர்கள், பெடல் சற்று அசைந்தவுடனேயே எரியும்படியும், காலை எடுத்தால் அணையும்படியும் சரிசெய்ய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பிரேக் லைற், எரியாததைப் போன்றதே.

வேலை முடிந்ததும் ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்த்தேன். கார் நேராக நின்றது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அது அப்படி நின்றதில்லை. கை கட்டுடன் அந்தத் தம்பியும் வந்திருந்தார். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இப்ப எரியுது அக்கா" என்றார்.

காரோ, ஓட்டோவோ, மோட்டார் சைக்கிளோ, இன்று இருட்டியதும் வாகனத்தின் பின்புறத்தைச் சுவருக்குக் கிட்ட நிறுத்தி பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.