ஒரே படிவம், இரண்டு கையெழுத்து

அமெரிக்காவில் ஒருவர் மணமானவரா இல்லையா என்பதை வருமான வரிச் சட்டம் ஆண்டில் ஒரே ஒரு நாளைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. அந்த நாள் டிசம்பர் 31. அன்று சட்டப்படி கணவன் மனைவியாக இருப்பவர்கள் அந்த ஆண்டு முழுவதற்கும் மணமானவர்கள் என்று கணக்கு. நவம்பர் கடைசி முகூர்த்தத்தில் மதுரையில் தாலி கட்டிவிட்டு, டிசம்பரில் மனைவியோடு டல்லாஸ் திரும்பும் மென்பொருள் பொறியாளருக்கும் இதுதான் விதி. பதினோரு மாதம் தனியாள்தானே என்று அவர் மணமாகாதவருக்கான கட்டத்தில் குறியிட முடியாது. மனைவி விசாவுக்காக ஊரிலேயே காத்திருந்தாலும் முடியாது. திருமணம் நடந்த இடத்தில் அது சட்டப்படி செல்லுமானால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸும் அதை ஏற்கும்.

மணமானவர் கணக்குக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. இருவரின் வருமானத்தையும் ஒரே படிவத்தில் சேர்த்துக் காட்டுவது கூட்டுக் கணக்கு. அவரவர் வருமானத்தை அவரவர் படிவத்தில் காட்டுவது தனிக் கணக்கு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளமே இருக்கிறது. கணவனின் ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர், புதிதாக வந்த மனைவிக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொண்டால், 2025ஆம் ஆண்டுக்கான கணக்கு இப்படிப் போகும். கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு நிலையான கழிவு 31,500 டாலர். மீதி 68,500 டாலருக்கு மத்திய அரசின் வரி சுமார் 7,740 டாலர். கணவன் தனிக் கணக்குக் காட்டினால் கழிவு 15,750தான். 84,250 டாலருக்கு வரி சுமார் 13,450. வித்தியாசம் 5,700 டாலர். கழிவு இரட்டிப்பாவது பாதிக் காரணம். வரி அடுக்குகளின் அகலமும் இரட்டிப்பாவதால், தனிக் கணக்கில் 22 சதவீத அடுக்கில் விழுந்த பணம் கூட்டுக் கணக்கில் 12 சதவீத அடுக்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தனிக் கணக்கு காட்டுபவருக்குக் கல்விச் செலவுக்கான வரிச் சலுகையும் கல்விக் கடன் வட்டிக் கழிவும் கிடையாது.

இந்த இரட்டிப்பு 1948இல் வந்தது. கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் ஈட்டும் வருமானம் தம்பதிக்குப் பொதுவானது என்பது பழைய சட்டம். கணவன் மட்டுமே சம்பாதித்தாலும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் காட்டலாம் என 1930இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் அந்த மாநிலத் தம்பதிகள் குறைவாகவும் மற்ற மாநிலத்தவர் கூடுதலாகவும் வரி கட்டினார்கள். அந்த ஏற்றத்தாழ்வை நீக்கவே நாடாளுமன்றம் வருமானத்தைப் பாதியாகப் பிரிக்கும் சலுகையை எல்லாத் தம்பதிகளுக்கும் கொடுத்தது.

ஆனால் வரிச் சட்டம் ஒரு தடையும் வைத்திருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் ஆண்டின் எந்தப் பகுதியிலாவது, ஒரே ஒரு நாளானாலும், 'குடியிராத வெளிநாட்டவர்' என்ற நிலையில் இருந்திருந்தால் கூட்டுக் கணக்கு கூடாது என்பது பொது விதி. புதிதாக வந்தவர் வருவதற்கு முன்பு வெளிநாட்டில்தானே இருந்திருப்பார்? ஆக, இந்தத் தடை முதல் ஆண்டில் ஏறக்குறைய எல்லாப் புதுத் தம்பதிகள் மீதும் விழுகிறது.

வரிச் சட்டம் சொல்லும் 'குடியிருப்பவர்' வேறு, குடியேற்றச் சட்டத்தின் விசா வகைகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. கிரீன் கார்டு உள்ளவர், அந்தத் தகுதியோடு அமெரிக்க மண்ணில் கால் வைத்த நாள் முதல் குடியிருப்பவர். மற்றவர்களுக்கு நாள் கணக்கு. நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாள் இருந்திருக்க வேண்டும். நடப்பு ஆண்டின் நாட்கள் முழுதாகவும், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கும் கூட்டினால் 183 வர வேண்டும். முதல்முறையாக வருபவர் ஜூலை 2ஆம் தேதிக்குள் வந்து, ஆண்டு முடியும்வரை வெளியே போகாமல் இருந்தால் 183 நாள் சரியாகத் தேறும். எச்-1பி பணியாளரின் துணைவருக்கான எச்-4 விசாவில் அக்டோபர் 1 அன்று வந்த மனைவிக்குத் தேறுவது 92 நாள்தான். எனவே அவர் அந்த ஆண்டு முழுக்கக் குடியிராதவர். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் நாட்கள் கணக்கிலேயே சேராது.

தடையைத் தாண்ட சட்டமே இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. டிசம்பர் 31 அன்று ஒருவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது குடியிருப்பவர், மற்றவர் குடியிராதவர் என்றால் முதல் கதவு. அக்டோபரில் வந்த எச்-4 மனைவிக்கும், இன்னும் திருச்சியிலேயே இருக்கும் மனைவிக்கும் இது பொருந்தும். ஆண்டின் தொடக்கத்தில் குடியிராதவராக இருந்து, முடிவதற்குள் குடியிருப்பவர் ஆகிவிட்டவருக்கு இரண்டாவது கதவு. கிரீன் கார்டோடு செப்டம்பரில் வந்தவரும், எச்-4 விசாவில் மே மாதம் வந்தவரும் இந்த வகை. இரண்டிலும் தம்பதி கேட்பது ஒன்றே: இருவரையும் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களாகவே நடத்துங்கள். கணவனும் மனைவியும் மாணவ விசாவில் இருந்து, இருவருமே குடியிராதவர் என்றால் எந்தக் கதவும் திறக்காது, ஆளுக்கொரு 1040-என்.ஆர். படிவம்தான். இந்திய மாணவர்களுக்கு மட்டும், 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு வழியாக நிலையான கழிவு கிடைக்கிறது. வேறு நாட்டு மாணவர் பெரும்பாலோருக்கு அது இல்லை.

இந்தக் கோரிக்கைக்கென்று அச்சிட்ட படிவம் எதுவும் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் இருவரின் பெயர், முகவரி, அடையாள எண், ஆண்டின் கடைசி நாளில் யார் எந்த நிலையில் இருந்தார்கள், என்ன தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, முதல் ஆண்டுக் கணக்கோடு இணைக்க வேண்டும். வரி மென்பொருட்கள் இதை நினைவூட்டும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்தத் தாளுக்கு ஒரு விலை உண்டு. அதில் கையெழுத்திட்டதும் இருவரின் உலகளாவிய வருமானமும், மனைவி விமானம் ஏறுவதற்கு முந்தைய மாதங்களின் வருமானம் உட்பட, அமெரிக்க வரிக்கு உட்பட்டதாகிவிடும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை சென்னையில் வாங்கிய சம்பளம், பெற்றோர் அவர் பெயரில் போட்டு வைத்த வைப்புநிதியின் வட்டி, அவர் பெயரில் உள்ள வீட்டின் வாடகை, விற்ற மனையின் லாபம் எல்லாமே இதில் அடக்கம். இந்தியச் சட்டம் ஒரு வருமானத்துக்கு வரி விலக்கு அளித்தால் அமெரிக்காவும் அளிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அளிக்காது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. இந்தியப் பரஸ்பர நிதிகளின் கதை இதைவிடக் கடுமை. அவற்றை அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டுச் செயலற்ற முதலீட்டு நிறுவனங்களாகக் கருதி, 8621 என்ற தனிப் படிவத்தையும் தண்டனை போன்ற ஒரு கணக்கு முறையையும் வைத்திருக்கிறது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போட்ட ஒருவர் அதற்கான படிவத்தை நிரப்பக் கணக்காளருக்குக் கொடுக்கும் கூலி, அந்த நிதியின் லாபத்தைவிடக் கூடுதலாக வரலாம்.

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி கட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் கட்டிய வரியை 1116 படிவத்தின் மூலம் அமெரிக்க வரியில் கழிக்கலாம். அங்கே வேலை பார்த்துப் பெற்ற சம்பளத்தை, தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 நாள் வெளிநாட்டில் இருந்ததைக் காட்டி, 2555 படிவத்தின் மூலம் விலக்கவும் வழி உண்டு. 2025க்கு முழு ஆண்டின் உச்சவரம்பு 1,30,000 டாலர். வந்த தேதியைப் பொறுத்து அது விகிதப்படி குறையும். வட்டிக்கும் வாடகைக்கும் இந்த விலக்கு இல்லை. நடைமுறையில் எரிச்சலூட்டுவது காலண்டர்தான். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் பழைய நிறுவனம் கொடுத்த ஃபார்ம் 16 என்ற சம்பள வரிச் சான்றிதழ் மட்டும் போதாது. மாதச் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் ஊரை விட்டுக் கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டவர்கள் மார்ச் மாதத்தில் நிம்மதியாக இருப்பார்கள்.

வருமானத்தைத் தவிர, இருப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், குடியிருப்பவர் எஃப்பார் என்ற அறிக்கையைக் கருவூலத் துறைக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். இதற்கு வரி ஏதும் இல்லை. ஆனால் தெரியாமல் விட்டாலும் அபராதம் பத்தாயிரம் டாலருக்கு மேல் போகலாம்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு, மனைவிக்கு இந்தியாவில் பெரிய வருமானம் இல்லாத வீடுகளில் கூட்டுக் கணக்கே லாபம். வந்தவர் பெரிய சம்பளத்தையோ சொத்து விற்ற லாபத்தையோ பின்னால் விட்டு வந்திருந்தால், முதல் ஆண்டில் தனிக் கணக்கு மலிவாக முடிவதும் உண்டு. இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒரு மாலை நேர வேலைதான்.

அடுத்தது எண். கூட்டுக் கணக்கில் இருவருக்கும் அடையாள எண் வேண்டும். குடியேற்ற விசாவில் வருபவர் விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தால் சோஷியல் செக்யூரிட்டி அட்டை தபாலில் வீடு தேடி வரும். எல்-2 விசாவில் வந்த துணைவருக்கு 2021 நவம்பரிலிருந்து விசாவோடு வேலை அனுமதியும் உண்டு என்பதால் அவருக்கும் அந்த எண் கிடைக்கும். வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவருக்கு அது கிடைக்காது. அவருக்கு 1996இல் தொடங்கிய ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்தான். டபிள்யூ-7 விண்ணப்பத்தை வரிக் கணக்கோடு சேர்த்து டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்குக் காகிதமாக அனுப்ப வேண்டும். கூடவே மூலப் பாஸ்போர்ட், அல்லது அதைக் கொடுத்த அலுவலகமே சான்றளித்த நகல். பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பல வாரம் காத்திருக்க யாருக்கும் மனம் வராது. சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற முகவரிடமோ, முன்பதிவு செய்து ஐ.ஆர்.எஸ். உதவி மையத்திலோ காட்டினால் பாஸ்போர்ட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எண் வர ஏழு வாரம்; ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நெரிசலில் ஒன்பது முதல் பதினொரு வாரம். தொடர்ந்து மூன்று ஆண்டு பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும்.

குடியேற்றத் துறையும் இந்தக் கணக்கைப் படிக்கிறது. திருமணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் கிரீன் கார்டு பெற்றவருக்கு அது இரண்டு ஆண்டு நிபந்தனையோடுதான் வரும். நிபந்தனையை நீக்கக் கேட்கும்போது திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகளில் கூட்டு வரிக் கணக்கு முக்கியமானது. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு குடியிராதவர் என்று கணக்குக் காட்டியிருந்தால், குடியிருப்பைக் கைவிட்டதாக அது பொருள்படலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது.

வந்த சில வாரத்தில் கணவன் நீட்டும் படிவத்தில் கையெழுத்திடும் பெண் எதற்குக் கையெழுத்திடுகிறாள் என்பதை யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். கூட்டுக் கணக்கில் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. கணவன் மறைத்த வருமானத்துக்கான வரி, வட்டி, அபராதம் அனைத்தையும் ஒரு காசு சம்பாதிக்காத மனைவியிடமிருந்தும் வசூலிக்கலாம். விவாகரத்தானாலும் பழைய ஆண்டுகளின் பொறுப்பு போகாது. அறியாமல் சிக்கியவர் 8857 படிவத்தில் நிவாரணம் கேட்கலாம். ஆனால் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று காட்ட வேண்டும். கணவனின் பழைய கடனுக்காக மனைவியின் பங்கு ரீஃபண்டைப் பிடித்துக்கொண்டால், அதை மீட்பதற்கான படிவம் வேறு: 8379.

முதல் கதவு வழியாகப் போனவர்களின் தேர்வு பின்வரும் ஆண்டுகளுக்கும் தொடரும். ரத்து செய்தாலோ, மணமுறிவாலோ மரணத்தாலோ அது முடிந்தாலோ, அந்த இருவரில் யாரும் இன்னொரு முறை அதைக் கேட்க முடியாது. இரண்டாவது கதவு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும்.

கடைசித் தேதி ஏப்ரல் 15. எண் வராமல் தவிப்பவர்கள் 4868 படிவம் கொடுத்து அக்டோபர் 15 வரை தவணை வாங்கலாம். கணக்குக் கொடுக்கத்தான் தவணை, பணம் கட்ட இல்லை. முதலில் தனிக் கணக்குக் கொடுத்துவிட்டவர்கள் மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் படிவத்தால் அதைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கடைசித் தேதி கடந்த பின் கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்ற முடியாது.