பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகிடும் முறைகள்

பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகிடல் என்பது, பலகையின் அடிப்பரப்பில் மெழுகு பூசிப் பனியோடு ஏற்படும் உராய்வைக் குறைக்கும் பராமரிப்பு முறையாகும். மெழுகைக் கையால் பூசுவது தேய்ப்பு முறை எனவும், உருக்கி ஏற்றுவது சூட்டு முறை எனவும் அழைக்கப்படும். மெழுகு மேற்பரப்பில் மட்டும் நிற்கிறதா, உள்ளேயும் இறங்குகிறதா என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

மெழுகின் பணி

பலகை பனியில் உராயும்போது உண்டாகும் வெப்பத்தால் மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. பலகை வழுக்கிச் செல்ல இப்படலமே உதவுகிறது. ஆனால் ஈரப்பனியில் நீர் மிகுந்தால் அது பலகையை ஒட்டி இழுக்கும். மெழுகு நீரை விலக்குவதால் இந்த இழுவை குறைகிறது. கடுங்குளிரில் பனித்துகள்களின் முனைகள் கூர்மையாக இருக்கும். அவை மென்மையான மெழுகில் குத்தி நிற்கும். எனவே குளிர்ந்த பனிக்குக் கடினமான மெழுகும், ஈரப்பனிக்கு மென்மையான மெழுகும் ஏற்றவை.

மரப்பலகைகளின் காலத்தில் பைன் மரத் தார் பூசப்பட்டது. இன்றைய பலகைகளின் அடிப்பரப்பு பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனது. இதில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதிகளும், ஒழுங்கற்ற பகுதிகளும் உள்ளன. சூடேறும்போது உருகிய மெழுகு ஒழுங்கற்ற பகுதிகளுக்குள் ஊடுருவுகிறது. நெகிழித் துகள்களைச் சூடாக்கி அழுத்தி இணைத்துச் செய்த அடிப்பரப்பு, உருக்கிப் பிதுக்கிச் செய்ததைவிடக் கூடுதல் மெழுகை ஏற்கும்.

தேய்ப்பு முறை

இதற்கான மெழுகு கட்டி, பசை, திரவம், தெளிப்பான் ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது. சுத்தமான, உலர்ந்த அடிப்பரப்பில் இதைப் பூசி, தக்கையால் அழுத்தித் தேய்த்துப் பரப்ப வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், மின்சாரம் தேவையில்லை, பையில் வைத்து மலைக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் தேய்ப்பில் எழும் சூடு குறைவு என்பதால் மெழுகு பெரும்பாலும் மேலேயே நிற்கும். கரடான பனியில் சில சறுக்கல்களிலேயே அது தேய்ந்துபோகலாம்.

சூட்டு முறை

1. அடிப்பரப்பைத் தூரிகையால் சுத்தம் செய்தல்.
2. மெழுகுக் கட்டியை மெழுகிடும் இஸ்திரிப்பெட்டியில் வைத்து உருக்கி, பலகை மீது சொட்டுகளாக விடுதல்.
3. பெட்டியை நிறுத்தாமல் நகர்த்தி மெழுகைப் பரப்புதல்.
4. பலகை அறை வெப்பநிலைக்கு ஆறும்வரை காத்திருத்தல்.
5. மிகுதி மெழுகை நெகிழிச் சுரண்டியால் நீக்கிவிட்டு, தூரிகையால் துலக்குதல்.

சுரண்டாமல் விட்ட தடித்த மெழுகு வேகத்தைக் கூட்டாது. மாறாகப் பனியில் இழுக்கும். முறையாகச் செய்தால் பல நாள் சறுக்கலுக்கு மெழுகு தாங்கும். அடிப்பரப்பு உலர்ந்து வெண்மையாவதையும் இது தடுக்கிறது.

கவனிக்க வேண்டியவை

பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். சில மெழுகுகளுக்கு இஸ்திரிப்பெட்டியை இதே அளவுக்கோ அதற்கு மேலோ சூடாக்க வேண்டியுள்ளது. எனவே பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தினால் அடிப்பரப்பு பொசுங்கிவிடும். பொசுங்கிய இடம் பின்னர் மெழுகைச் சரியாக ஏற்காது. பட்டறையில் அடிப்பரப்பை இழைத்துச் சீராக்க வேண்டிவரும். துணி இஸ்திரிப்பெட்டியின் வெப்பம் ஏறி இறங்குவதால் அது இதற்கு ஏற்றதன்று. மெழுகு புகைந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே குறைக்க வேண்டும்.

காற்றோட்டமுள்ள இடத்திலேயே மெழுகிட வேண்டும். ஃபுளோரின் சேர்ந்த மெழுகுகளின் புகை உடல்நலத்துக்குத் தீங்கானது. அவற்றின் வேதிப்பொருள்கள் சூழலில் எளிதில் சிதையாமல் தங்குகின்றன. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவம் முதல் தன் போட்டிகளில் இவற்றை முழுமையாகத் தடை செய்துள்ளது.

எதைத் தேர்வது?

பருவத் தொடக்கத்திலும், தொடர்ந்து சறுக்கும்போது சில நாள்களுக்கு ஒருமுறையும் சூட்டு முறை தேவை. நடுவில் பனியின் தன்மை மாறினாலோ, மெழுகு தேய்ந்தாலோ தேய்ப்பு முறை கைகொடுக்கும். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் மென்சரிவுகளில் சறுக்குவோருக்குத் தேய்ப்பு மெழுகே போதுமானதாக இருக்கலாம். ஆனால் உலர்ந்து வெளுத்த அடிப்பரப்பை அது மீட்காது. அதற்குச் சூட்டு முறையே வழி.