‘குயிக்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: உயிரும் விரைவும்

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 4ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தைப் பிரசங்கிக்க ஆயத்தமாகும் ஒருவர், தமிழ் வேதாகமத்தோடு 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒப்புநோக்குவது இயல்பே. அங்கே தேவனுடைய வார்த்தைக்கு அடையாகக் ‘குயிக்’ என்னும் சொல் நிற்கக் காண்பார். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘விரைவான’ என்பதே பெருவழக்கான பொருள். ஆகவே, ‘தேவவசனம் தாமதியாது, மின்னலைப்போல் விரைந்து செயல்படும்’ என்று அவர் ஒரு குறிப்பை எழுதிக்கொள்ளக்கூடும். கேட்பதற்கு இனிதாயிருக்கும் அக்குறிப்புக்கு மூலத்தில் ஆதாரம் யாதுமில்லை. கிரேக்க மூலத்திலுள்ள ‘ஸோன்’ என்னும் சொல் ‘உயிருள்ளது’ என்றே பொருள்படும். ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் பிழை செய்யவில்லை. அவர்கள் காலத்தில் ‘குயிக்’ என்றால் உயிருள்ளது என்றே பொருள். அவர்கள் இட்ட சொல் அங்கேயே நிற்கிறது. அதன் பொருள் மட்டும் இடம்பெயர்ந்துவிட்டது. இப்பெயர்ச்சியின் வரலாற்றையும், திருவசன ஊழியர் அதனின்று கற்கவேண்டியதையும் இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘க்விக்’ என வழங்கிற்று. உயிரோடிருப்பது, சாவாதது என்பதே அதன் முதற்பொருள். ஜெர்மானிய மொழிக்குடும்பம் முழுவதிலும் இதன் உறவுச்சொற்கள் உண்டு. 23ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் ஆத்துமா தேற்றப்படுவதைக் குறிக்க லூத்தர் ஆண்ட ‘எர்க்விக்கன்’ என்னும் ஜெர்மன் வினைச்சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. இன்னும் மேலே சென்றால், இலத்தீனின் ‘வீவுஸ்’, கிரேக்கத்தின் ‘பியோஸ்’, வடமொழியின் ‘ஜீவ’ ஆகியவை இதனோடு ஒரே மூலத்தினின்று கிளைத்தவை எனச் சொல்லாராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமம், எபிரெயர் 4:12இல் ‘ஜீவன்’ என்னும் சொல்லையே ஆளுகிறது. ‘குயிக்’ என்பதும் ‘ஜீவன்’ என்பதும் தொலைதூர உடன்பிறப்புகள் என்பதை அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது.

உயிருள்ளது அசையும்; செத்தது அசையாது கிடக்கும். ஆகவே உயிருள்ளதைக் குறித்த சொல் அசைவுள்ளதையும், பின் சுறுசுறுப்பானதையும், ஈற்றில் விரைவானதையும் குறிக்கலாயிற்று. இதயத்தின் அடிப்பைச் சுட்டும் ‘துடிப்பு’ என்னும் நம் சொல், ‘துடிப்பான இளைஞன்’ என்று சுறுசுறுப்பைச் சுட்டவும் வந்ததை இங்கு ஒப்பிடலாம். ஆங்கிலத்தில் ‘விரைவு’ என்னும் பொருள் ஏறத்தாழ 1300ஐ ஒட்டித் தலைகாட்டிற்று. அதன்பின் சில நூற்றாண்டுகள் இரு பொருள்களும் அருகருகே வாழ்ந்தன. ‘லிவிங்’, ‘அலைவ்’ என்னும் சொற்கள் உயிருள்ளதைக் குறிக்கும் பணியைப் படிப்படியாய் ஏற்றுக்கொள்ள, பழம்பொருள் பொதுவழக்கினின்று விலகிற்று.

2. எஞ்சி நிற்கும் தடயங்கள்

வழக்கிழந்த பொருள் முற்றிலும் மறைவதில்லை. தொகைச்சொற்களிலும் மாறாத் தொடர்களிலும் அது ஒதுங்கி வாழும். பாதரசத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘குயிக்சில்வர்’. ‘உயிருள்ள வெள்ளி’ என்னும் இலத்தீன் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. வெள்ளிபோல் ஒளிர்ந்து, உயிருள்ளதுபோல் ஓடுவதால் அப்பெயர் பெற்றது. சுட்ட சுண்ணாம்பு ‘குயிக்லைம்’ எனப்படும். நீர் பட்டவுடன் கொதித்துப் பொங்கும் அதன் இயல்பை உயிர் எனக் கண்டனர். காலை விழுங்கும் புதைமணல் ‘குயிக்சாண்ட்’. உயிருள்ள செடிகளை நட்டு வளர்க்கும் வேலி ‘குயிக்செட்’. அதையே நம் உழவர் ‘உயிர்வேலி’ என்கின்றனர். நகத்தின் அடியிலுள்ள உணர்ச்சிமிக்க சதை ‘குயிக்’ என்றே வழங்குகிறது. இவற்றுள் ஒன்றிலேனும் ‘விரைவு’ என்னும் பொருளைப் பொருத்திப் பார்த்தால் பொருள் சிதைவதைக் காணலாம்.

சட்டத்துறையிலும் ஒரு தடயம் உண்டு. கருவிலுள்ள சிசுவின் அசைவைத் தாய் முதன்முதல் உணர்வதை ஆங்கிலத்தில் ‘குயிக்கனிங்’ என்பர். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கருச்சிதைவைப்பற்றிய 312ஆம் பிரிவில், அந்நிலையை எய்திய கர்ப்பவதியைக் குறிக்க ‘குயிக்’ என்னும் அடையை ஆண்டு, அந்நிலையில் தண்டனை உச்சவரம்பை மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக உயர்த்திற்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அதே சொல் நீடிக்கிறது. மொழியில் மங்கிய பொருள் ஒரு நாட்டின் சட்டத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது.

3. ஆங்கில வேதாகமங்களில்

விக்ளிப்பின் பெயரால் வழங்கும் 14ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு, இலத்தீனைத் தழுவி, எபிரெயர் 4:12இல் ‘குயிக்’ என்னும் சொல்லை இட்டது. அதற்கு அடுத்து ‘ஸ்பீடி’ என்னும் சொல் வருவது கவனிக்கத்தக்கது. இன்றைய காதுக்கு இரண்டுமே வேகத்தைக் குறிப்பனபோல் ஒலிக்கும். அன்றோ முதலாவது ‘உயிருள்ள’ என்றும், இரண்டாவது ‘பலன்தரும்’ என்றும் பொருள்பட்டன. 1526இல் டிண்டேலும் ‘குயிக்’ என்றே எழுதினார். 1560இன் ஜெனீவா வேதாகமமும், 1582இன் ரைம்ஸ் புதிய ஏற்பாடும் ‘லைவ்லி’ என்றன. அக்காலத்தில் ‘உயிருள்ள’ எனப் பொருள்பட்ட அச்சொல்லும் பின்னர் ‘உற்சாகமான’ என்று மாறிவிட்டது. 1611இன் மொழிபெயர்ப்பாளர் டிண்டேலின் சொல்லுக்கே திரும்பினர்.

அவர்கள் அச்சொல்லை எப்பொருளில் ஆண்டனர் என்பதற்கு எண்ணாகமம் 16ஆம் அதிகாரமே சான்று. கோராகின் கூட்டத்தார் பாதாளத்தில் இறங்குவதைக் கூறும் 30ஆம் வசனத்தில் ‘குயிக்’ என்றும், அதே நிகழ்ச்சியைக் கூறும் 33ஆம் வசனத்தில் ‘அலைவ்’ என்றும் எழுதியுள்ளனர். எபிரெயத்தில் இரு இடத்தும் ‘ஹய்யீம்’ என்னும் ஒரே சொல்லே உள்ளது. அவர்கள் விரைந்து இறங்கினர் என்பதன்று, உயிரோடு இறங்கினர் என்பதே பொருள். சங்கீதம் 55:15, 124:3 ஆகிய வசனங்களும் இவ்வாறே.

இதிலிருந்து பிறந்த ‘குயிக்கன்’ என்னும் வினை, ‘உயிர்ப்பி’ என்னும் பொருளில் 119ஆம் சங்கீதத்தில் மட்டும் 11 இடங்களில் வருகிறது. யோவான் 6:63இல் ஆவியானவரின் செயலையும், 1 கொரிந்தியர் 15:45இல் பிந்தின ஆதாமின் தன்மையையும், எபேசியர் 2:1இல் மரித்திருந்தோர் அடைந்த நிலையையும் குறிப்பது அவ்வினையே. ‘விரைவுபடுத்து’ என்று அதனைக் கொண்டால், உயிர்த்தெழுதலைப்பற்றிய போதனையே வேறாகிவிடும்.

ஆயினும், அதே மொழிபெயர்ப்பில் ‘குயிக்லி’ என்னும் வினையடை ‘விரைவாக’ என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தமது வருகையைக்குறித்து மும்முறை கூறும் இடங்களில் கிரேக்கச் சொல் ‘டாக்கூ’. அது விரைவையே குறிக்கும். ஆகவே, ‘பழைய ஆங்கிலத்தில் எங்கு இச்சொல் வரினும் உயிர் என்று கொள்க’ என்னும் விதியும் செல்லாது. ஒவ்வோர் இடத்தும் மூலத்தைப் பார்த்தல் வேண்டும்.

4. விசுவாசப் பிரமாணத்தில்

ஆங்கிலத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபநூலில், அப்போஸ்தலருடைய பிரமாணமும் நிசேயா பிரமாணமும் நியாயத்தீர்ப்புக்கு உட்படுவோரைக் குறிக்கையில், மரித்தோர்க்கு எதிர்ச்சொல்லாய்க் ‘குயிக்’ என்பதையே ஆளுகின்றன. இலத்தீனில் அது ‘வீவோஸ்’, அதாவது உயிருள்ளோர். 1881ஆம் ஆண்டின் திருத்திய மொழிபெயர்ப்பு எபிரெயர் 4:12இல் ‘லிவிங்’ என்று மாற்றிய பின்னும், 2 தீமோத்தேயு 4:1இல் ‘குயிக்’ என்பதை விட்டுவைத்தது. வழிபாட்டில் ஊறிய தொடரைக் கலைக்க மனமில்லை போலும். 1946இல் வெளிவந்த திருத்திய நியமத் திருப்புதலின் புதிய ஏற்பாடு அதையும் மாற்றிற்று. திருச்சபைகள் பொதுவாய் ஏற்கத்தக்க ஆங்கில வாசகங்களைச் சர்வதேசக் குழுக்கள் 1970இலும் 1988இலும் வெளியிட்டபோது, பிரமாணங்களில் ‘லிவிங்’ என்பதே இடம்பெற்றது.

5. நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு இரு தவறுகளைக் குறித்து நம்மை எச்சரிக்கிறது. முதலாவது, பழைய சொல்லுக்கு இன்றைய பொருளைக் கற்பித்தல். இரண்டாவது, சொல்லின் வேரையே அதன் பொருளெனக் கொள்ளுதல். ‘உயிர், விரைவு ஆகிய இரண்டும் இச்சொல்லில் உள்ளன, ஆகவே தேவவசனம் இரண்டுமாம்’ என்று கூறுபவர் இவ்விரு தவறுகளையும் ஒருசேரச் செய்கிறார். நிருபத்தின் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதவில்லை; ஓர் ஆங்கிலச் சொல்லின் பிற்கால வரலாறு அவருடைய கருத்தோடு எதையும் கூட்டவியலாது. வேர்ச்சொல்லைக் கொண்டு இறையியலைக் கட்டும் போக்கை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட, வேதாகம மொழியின் சொற்பொருளியலைப்பற்றிய நூலில் வன்மையாய்க் கண்டித்தார். அக்கண்டனம் நம் பிரசங்கபீடங்களுக்கும் பொருந்தும்.

தமிழ் வேதாகமத்தை வாசிப்போர்க்கு இவ்விடத்தில் இடறல் இல்லை; ‘ஜீவன்’, ‘உயிர்ப்பி’ என்னும் சொற்கள் பொருள் மாறாது நிற்கின்றன. எனினும் நம் சொற்கள் யாவும் அவ்வாறு நிற்பனவல்ல. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று துர்க்கந்தத்தையே குறிக்கிறது. ‘விசுவாசம்’ என்பது திருச்சபைக்குள் தேவன்மீதுள்ள நம்பிக்கை. தெருவிலோ எஜமானிடம் வேலையாள் காட்டும் நன்றியுணர்வு. திருச்சபையின் சொல்வழக்கில் வளராத ஒருவர் ‘விசுவாசத்தினாலே நீதிமான்’ என்று கேட்கும்போது, தேவனுக்கு உண்மையாய் உழைப்பதனால் நீதிமானாகலாம் என்று விளங்கிக்கொண்டால், அவரைக் குறைகூற இயலுமோ? சொல் பழையதென்பதற்காக அதை எறிந்துவிட வேண்டுவதில்லை; விளக்காமல் விடுவதே குற்றம்.

மேலும், இது அகராதியோடு முடியும் காரியமன்று. நோய்ப்படுக்கையில் மாதக்கணக்காய்க் காத்திருக்கும் ஒருவருக்கு, ‘தேவவசனம் விரைந்து செயல்படும்’ என்று வாக்களித்துவிட்டு வருகிறோம் என வைத்துக்கொள்வோம். நாட்கள் செல்லுகின்றன; விடுதலை வரவில்லை. அப்போது அவர் வசனம் பொய்த்ததென்றோ, தமது விசுவாசம் குறைவென்றோ எண்ணிச் சோர்ந்துபோவார். வேதம் தராத வாக்குறுதியை அவருக்குத் தந்தவர் நாமே. எபிரெயர் நிருபம் அவருக்குச் சொல்வது வேறு. வசனம் உயிருள்ளது, ஆகவே அது காத்திருப்போருடனே இருக்கும், அவர்களோடு பேசும், உள்ளத்தின் நினைவுகளை வகையறுக்கும். விரைவு இல்லாத நாட்களிலும் உயிர் அற்றுப்போவதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்த போதகரே அப்படுக்கையண்டை அமர்ந்து மெய்யான ஆறுதலைச் சொல்லக்கூடும்.