கண்ணுக்குள் அசையும் கண்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேஸ்வரர் ஊர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற எங்கள் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அடிவாரம் கூட்டத்தால் நிறைந்துவிடும். உறவுக்காரர்கள் வருவார்கள் என்று வெள்ளியன்றே வீட்டில் ஒட்டடை அடிப்பது வழக்கம். போன புரட்டாசியில் அம்மா கம்போடு கொல்லைப்புறம் வந்தபோது நான் துவைகல்லின் முன்னால் குப்புறப் படுத்திருந்தேன்.

“எய்யா, எட்டுக்கால் பூச்சியவா போட்டோ எடுக்க?”

“செத்த பொறும்மா. இது வலை பின்னாது. பாய்ஞ்சு புடிக்கும்.”

ஒரு சென்டிமீட்டர் அளவிலான பெண் குதிக்கும் சிலந்தி. பிளெக்சிபஸ் பேகுல்லி என்பது அதன் அறிவியல் பெயர். நம் வீட்டுச் சுவர்களில் சாதாரணமாகத் திரிவதுதான். கல்லின் ஈரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. சிலந்தி அடிமேல் அடி வைத்து நெருங்கியது, நின்றது, வயிற்றின் நுனியைக் கல்லில் ஒரு முறை ஒற்றியது. அந்த இடத்தில் ஒட்டிய நூல்தான், தவறி விழுந்தால் அதைத் தாங்கும் கயிறு. பிறகு பாய்ந்தது. அதன் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டத் தசையே கிடையாது. உடம்பின் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தித்தான் நீட்டுகிறது. இதைப் படித்திருந்தும், கண்முன்னே பார்த்தபோது மூச்சு நின்றுவிட்டது.

என்னிடம் இருப்பது பழைய 50 எம்.எம். லென்ஸ். ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டுவேன். ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர். அது இல்லையென்றால் கண்களில் வெளிச்சம் சுள்ளென்று வெள்ளைப் புள்ளியாக விழும். இவ்வளவு நெருக்கத்தில் துலக்கமாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண் தெளிந்தால் கால் மங்கும். நான் எப்போதும் கண்ணைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அன்று அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் முன்கண்கள் இரண்டும் ஒன்றில் கரும்புள்ளியாக, ஒன்றில் தேன் நிறமாக, மறுபடி கருப்பாக இருந்தன. ஃபிளாஷில் கோளாறு என்றுதான் நினைத்தேன். கோளாறு எதுவும் இல்லை. எட்டுக் கண்களில் முன்னாலிருக்கும் இந்தப் பெரிய இரண்டும் உள்ளே குழாய்போல நீள்பவை. லென்ஸ் தலையோடு இறுகியிருக்கும். குழாயின் கடைசியிலுள்ள விழித்திரையைத்தான் தசைகள் அங்குமிங்கும் திருப்பும். அது நேராக நம்மை நோக்கும்போது கண் கருக்கும். அப்படியென்றால் மூன்றில் இரண்டு படங்களில் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சிலந்தியை வெறும் பூச்சியாக என்னால் பார்க்க முடியவில்லை.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தியினங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தொட்டது. அந்த 50,000-ஆவதும் தென் அமெரிக்காவின் ஒரு குதிக்கும் சிலந்திதான்.

எங்களுக்கு மேற்கே தெரியும் மலைகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் பலர் அந்தத் திசையையே பார்க்கிறார்கள். அவர்களைக் கொல்லைக்குக் கூட்டிவந்து மாமரத்தைக் காட்ட ஆசை. இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் செம்முசுறுகளுக்கு நடுவே, அதே நிறத்தில், அதே இடுப்போடு ஒன்று நடக்கும். காலை எண்ணினால் எட்டு. முன்னங்கால்களை உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டும். முசுறைத் தொடப் பயப்படும் பிராணிகள் இதையும் விட்டுவிடும். ஆண் இன்னும் ஒரு படி மேலே: அதன் தாடைகள் முன்னால் அவ்வளவு நீளம், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோலவே இருக்கும். இரண்டு ஆண்கள் எதிர்ப்படும்போதுதான் அந்தத் தாடைகளை அகல விரிக்கும். அந்தப் படத்துக்காகக் காலை ஏழு மணிக்கே ஏணிமேல் ஏறி நிற்கிறேன். முழங்கை வரைக்கும் முசுறுக் கடி.

அம்மா இப்போதும் ஒட்டடை அடிக்கிறாள். துவைகல்லுக்கு மேலிருக்கும் சுவரை மட்டும் விட்டுவிடுகிறாள்.

(தொடரும்)