புயல் ஓய்ந்த மறுநாள் வெயில்

குல்மார்க்குக்கோ காங்டாக்குக்கோ போகிறவர்கள் பனி கொட்டும்போது ஓட்டல் அறையை விட்டு நகர்வதில்லை. மறுநாள் வானம் வெளுத்து வெயில் அடித்ததும் செல்போனும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். பனிச்சரிவில் சிக்கிக்கொள்ள அதைவிடத் தோதான நாள் கிடையாது.

கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளாவது மலைச்சரிவு நிலைகொள்ளாமல் கிடக்கும். அங்கே ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நீண்ட குளிரில் அடியில் கிடக்கும் பழைய பனி பரல் பரலாகச் சீனிபோல் மாறிவிடும். அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் உதிரும். அதன்மேல் புதுப்பனியும், காற்று வாரிவந்து குவித்ததும் பலகையாக இறுகி உட்கார்ந்திருக்கும். 30 முதல் 45 பாகை சாய்வில் ஓர் ஆள் கால் வைத்தாலே மொத்தப் பலகையும் வழுக்கிக்கொண்டு வரலாம். சறுக்கவும் மலையேறவும் போய் இறந்தவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டாளிகளோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்கினார்கள். காலடியில் ‘தும்’மென்று பனி அமுங்கும் ஒலி, முன்னால் ஓடும் விரிசல், பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்று தென்பட்டாலும் திரும்பிவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

குல்மார்க்கின் அபர்வாட் சரிவில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் ரஷ்யர் ஒருவர். பனிநாட்டுக்காரர்களுக்கே இந்தக் கதி. சிக்கிமின் நாதுலா சாலையில் 2023 ஏப்ரல் 4 அன்று சுற்றுலா வந்த 7 பேர் மாண்டார்கள். பெர்மிட் 13ஆம் மைல் வரைதான்; பலர் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்றது காவல்துறை. “இன்னும் கொஞ்ச தூரம்தான் சார்” என்று டிரைவர் ஆசை காட்டினால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சண்டிகரில் இயங்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. மாவட்ட நிர்வாகம் அதை அறிவிக்கும். கிளம்புமுன் கேட்டு வாங்குங்கள். அவசர எண் 112.

பனிச்சரிவு அரசின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்குப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். காப்பீட்டை நம்பிப் போகிறவர்கள் பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள். சாகச விளையாட்டுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும்.

புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குள் மீட்புப் படை மலையேறி வராது. கூட வந்தவர்தான் தோண்டியாக வேண்டும். அதனால் ஆளுக்கொரு சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். இவை இல்லாமல் பாதை தாண்டிச் சறுக்க அழைக்கும் கைடோடு போகாதீர்கள்.