நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் எது?

கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பவர் நல்ல நாளைத் தேடுகிறார். வான சாஸ்திரியோ முதலில் நல்ல இடத்தைத் தேட வேண்டியவராயிருக்கிறார். எவ்வளவு பெரிய தூரதர்சனியானாலும், ஒரு மேகத் திரை குறுக்கே வந்துவிட்டால் அது வெறும் கண்ணாடிதான். கோடிக் கணக்கில் பணத்தைக் கொட்டி மலையுச்சியில் அதை நிறுவிய பிறகு, "அடடா! இங்கே மேகம் அதிகமாயிற்றே!" என்று வருந்தி என்ன பிரயோஜனம்?

முன்னெல்லாம் இதற்கு ஒரே வழிதான் உண்டு. மலை மலையாக ஏறி, வருஷக் கணக்கில் இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். இப்பொழுது அந்தச் சிரமத்தைக் குறைக்கச் செயற்கைக் கோள்கள் வந்திருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பூமியின் ஒரே பாகத்தை இமைக்காமல் நோக்கிக்கொண்டிருப்பவை அவற்றில் சில.

இருட்டில் மேகம் எப்படித் தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். வெப்பத்தினால் தெரியும். இரவிலும் பூமி கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை வீசுகிறது. உயரத்திலுள்ள மேகம் குளிர்ந்தது. ஆகவே குறைவாக வீசுகிறது. இந்த வித்தியாசமே மேகத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லேயைப் பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தூரதர்சனி, 2000-ம் ஆண்டில் அங்கே முதன்முதலாக நட்சத்திர ஒளியைக் கண்டது. 1980 முதல் 2020 வரை 41 வருஷத் தகவல்களைத் திரட்டி, விஞ்ஞானிகள் ஹான்லேயைச் சிலி தேசத்துப் பரனால், திபேத்திலுள்ள ஆலி, நைனிதாலுக்கு அருகிலுள்ள தேவஸ்தல் முதலிய இடங்களோடு ஒப்பிட்டார்கள். முதலிடம் பாலைவனத்துப் பரனாலுக்கே கிடைத்தது. ஆனால் தேவஸ்தலில் மழைக்காலம் சுமார் மூன்று மாதம் வேலையைக் கெடுக்கிறது; ஹான்லேக்கு அந்தத் தொல்லை இல்லை.

செயற்கைக் கோளும் ஏமாறுவதுண்டு. பனி மூடிய தரையும் குளிர்ந்ததுதானே? அதை மேகமென்று எண்ணிவிடக்கூடும். மேலும், நட்சத்திரம் மினுமினுப்பது கவிஞருக்கு ஆனந்தம். வான சாஸ்திரிக்கு அதுவே உபத்திரவம். அதற்குக் காரணமான காற்றின் நடுக்கத்தைச் சரியாக அளக்க, இன்றும் மலைமீது கருவி வைத்தே தீர வேண்டும்.

மற்றொரு பகையையும் செயற்கைக் கோள்கள் காட்டுகின்றன. அதுதான் ஊர்களிலிருந்து மேலெழும் விளக்கொளி. 2022-ல் ஹான்லேயின் சுற்றுப்புறம் இருள் வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மேகத்தை விலக்க மனிதனால் ஆகாது. விளக்குக்கு மூடியிட்டு ஒளியைத் தரையோடு நிறுத்த யாராலும் ஆகும். தேசத்தின் நல்ல வானத்தைக் காக்கும் பொறுப்பில் பாதி, அந்த மலைக் கிராமத்தாரின் கையில் இருக்கிறது.