கடற்சாரணர்: நகரப் பிள்ளைகளுக்கான படகுப் பயிற்சி

பிரான்சின் சாரணர் இயக்கத்திற்கும் கடலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1911ஆம் ஆண்டில் ‘எக்லேரர் து பிரான்ஸ்’ அமைப்பை நிறுவிய நிக்கோலா பெனுவா ஒரு கடற்படை அதிகாரி. துருவக் கடல்களை ஆராய்ந்த ஷார்க்கோவும் பின்னர் அதன் தலைவராக விளங்கினார். 1964இல் பெண்பிள்ளைகளின் பிரிவொன்றும் அதனோடு இணைந்தது.

படகோட்டம், முடிச்சிடுதல், நீச்சல் ஆகியவற்றைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் கடற்சாரணர் பிரிவு அதற்குச் சற்று முன்னரே பிரித்தானியாவில் தோன்றியது. அதற்கான கைந்நூலை எழுதியவர் பேடன் பவலின் தமையனார் வாரிங்டன். அந்நூல் வெளிவந்த 1912ஆம் ஆண்டிலேயே, முகாமுக்குப் படகில் சென்ற இலண்டன் வோல்வொர்த் சாரணர்கள் லெய்ஸ்டவுன் கரையருகே விபத்துக்குள்ளாகினர். ஒன்பது சிறுவர் நீரில் மூழ்கி மாண்டனர்.

பிரான்சில் இன்று சாரணர் முகாமாயினும் விடுமுறை முகாமாயினும், படகேறும் பிள்ளையிடம் நீர்ப்பழக்கச் சான்றிதழ் கேட்கப்படும். நீரில் குதித்தல், மல்லாந்து 5 விநாடி மிதத்தல், 20 மீற்றர் நீந்துதல் முதலியன அதற்கான சோதனைகள். நீச்சல் தடாக உயிர்காப்பாளர் அதனை வழங்குவார். வல்வெட்டித்துறையிலோ மயிலிட்டியிலோ கடலருகே வளர்ந்த பெற்றோரின் பிள்ளைக்கும் நீச்சல் தானாக வந்துவிடுவதில்லை. ஆகவே கோடை முகாம் நெருங்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே பழக்குதல் நன்று.

கடலுக்குச் செல்லும் முன் தொடங்குவதற்கு இடமும் அருகிலேயே உள்ளது. லாச்சப்பலிலிருந்து இரண்டாம் இலக்க மெட்ரோவில் அடுத்த நிறுத்தமான ஸ்தாலின்கிராடில் இறங்கினால் வில்லெத் நீர்த்தேக்கம். அங்குள்ள மாநகரசபைப் படகுத்துறையில் துடுப்புப் படகும் கயாக்கும் பயிற்றப்படுகின்றன.